உப்பு காயும் இடத்தில்தான் எஸ்.எஸ். வெடிக்கும்

கருப்பு, நேவி போன்ற அடர்ந்த நிறங்களைப் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஏற்றும்போது லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது திருப்பூர் சாயப்பட்டறைகளில் சாதாரணம். சமையல் உப்பின் எடையில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குளோரைடு. ஆக 60 கிராம் போட்டாலே பாத்தில், அதாவது சாயத் தண்ணீரில், சுமார் 36,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 36,000 பங்கு) குளோரைடு இருக்கும். கடல் தண்ணீரில் இருப்பது சுமார் 19,000. கடலைப்போல் இரண்டு மடங்கு குளோரைடை, 60 டிகிரியிலும் 80 டிகிரியிலும், 316எல் என்ற ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மெஷினுக்குள் தினமும் சுற்றவிடுகிறோம். பி.பி.எம். அளவை மட்டும் பார்த்தால் அந்த மெஷின் சீக்கிரமே விரிசல் விட்டிருக்க வேண்டும். ஆனால் அதன் உடம்பு வருடக்கணக்கில் நன்றாகவே இருக்கிறது. அதே ஆலையில், சில நூறு பி.பி.எம். மட்டும் குளோரைடு உள்ள போர் தண்ணீர் ஓடும், ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் டியூப் வெடிக்கிறது. வெறும் வெந்நீர் போகிற லைனில், இன்சுலேஷனுக்கு அடியில், பைப் சிலந்தி வலை போல விரிசல் விட்டுக் கிடக்கிறது.

தண்ணீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முதலில் தேட வேண்டியது, அந்தத் தண்ணீர் எந்தச் சூடான உலோகத்தின் மேல் காய்கிறது என்பதை.

விரிசல் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எஸ்.எஸ். மேல் குரோமியம் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமனில் இருக்கிறது. அதுதான் மொத்தப் பாதுகாப்பும். குளோரைடு அதில் ஒரு புள்ளியை உடைக்கிறது. அந்த இடத்தில் இழுவிசை இருந்தால் புள்ளி பள்ளமாகி, பள்ளத்தின் அடியிலிருந்து விரிசல் கிளம்புகிறது. விரிசல் முனையில் கரையும் குரோமியம் அங்கிருக்கும் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது, வெளியே பி.எச். 7 இருந்தாலும் முனைக்குள் அது நன்றாக இறங்கிவிடும். விரிசலின் இரு பக்கச் சுவர்களிலும் படலம் மறுபடி மூடிக்கொள்ள, முனை மட்டும் திறந்தபடியே முன்னேறும். அதனால் உலோகம் தேய்வதே இல்லை. தடிமன் மீட்டர் வைத்தால் 3 மி.மீ. தகடு 3 மி.மீ. என்றே காட்டும். விரிசலுக்கு அடுத்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி இழுவைச் சோதனைக்கு அனுப்பினால் அதுவும் தேறும். உலோகத்தின் வலிமை அப்படியே இருக்க, பாத்திரம் மட்டும் ஒழுகும்.

இழுவிசை எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் அழுத்தத்திலிருந்து என்று நினைத்து, பிரஷரைக் குறைத்து ஓட்டினால் தப்பிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிகம் புழங்கும் 304 ரக எஸ்.எஸ்.ஸின் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை) 205 மெகாபாஸ்கல், 316எல்-ன் அளவு 170. டிசைனில் இதற்கும் கீழேதான் வேலை வாங்குகிறோம். ஆனால் வெல்டிங் போட்ட இடத்தின் ஓரத்தில், ஆறும்போது சுருங்கிய உலோகம் விட்டுச்சென்ற இழுவிசை அந்த நெகிழ்வு அளவைத் தொட்டு நிற்கும், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். இந்த ரக எஸ்.எஸ். சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிவடைகிறது, சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்கு. அதனால் வெல்டிங்கில் மிச்சமாகும் இழுவிசையும் அதிகம். குளிர் நிலையில் வளைத்த பெண்ட், உருட்டி விரித்த டியூப் முனை, சுத்தியலால் தட்டி நேராக்கிய ஃபிளாஞ்ச் எல்லாமே இதே கணக்கு. பிரஷரை ஒரு பார் குறைப்பதால் இதில் எதுவும் மாறாது.

வெப்பநிலைக்கு ஒரு கட்டைவிரல் விதி உண்டு: 304, 316 இரண்டுக்கும் சுமார் 60 டிகிரிக்குக் கீழே இந்த விரிசல் அபூர்வம். நல்ல விதிதான், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே மாதம் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உள்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எஸ்.எஸ். கம்பிகள் அறை வெப்பத்திலேயே குளோரைடு விரிசலால் அறுந்திருந்தன. குளத்தின் குளோரின் கலந்த ஆவி கம்பி மேல் படிந்து, கழுவப்படாமல், காய்ந்து காய்ந்து செறிவாகியிருந்தது. எந்த உப்பு படிகிறது என்பதும் முக்கியம். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து நீராகும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரை ஓரத்து ஆலைகளில் காற்றோடு வரும் உப்பில் மெக்னீசியம் இருக்கிறது. வெயிலில் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பைப்பின் மேல் அது ஈரமாகவே, மிகச் செறிவான கரைசலாக உட்கார்ந்திருக்கும். சோதனைக் கூடத்தில் 304-ஐ வேண்டுமென்றே உடைத்துக் காட்டக் கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடைத்தான் எடுப்பார்கள், 155 டிகிரியில். சில மணி நேரத்திலேயே விரிசல் வந்துவிடும்.

வெளியே ஊற்றிய தண்ணீர்

காயும் இடம்தான் ஆபத்து என்பதற்கு இந்தத் தொழில் உலகம் கொடுத்த பெரிய விலை, இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலை. அங்கே சைக்ளோஹெக்சேன் என்ற எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தை 155 டிகிரியில் வினைப்படுத்தும் ஆறு ரியாக்டர்கள் வரிசையாக இருந்தன. உள்ளே எஸ்.எஸ். லைனிங், வெளியே சாதா இரும்பு ஓடு. ஐந்தாம் ரியாக்டரின் கிளறி வழியாகக் கசிந்த ஆவியை அடக்க, வெளியே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அது நைட்ரேட் கலந்த கூலிங் தண்ணீர். சூடான ஓட்டின் மேல் விழுந்து காய்ந்து காய்ந்து நைட்ரேட் செறிந்தது. குளோரைடு எஸ்.எஸ்.ஸுக்குச் செய்வதைச் சூடான நைட்ரேட் சாதா இரும்புக்குச் செய்யும். 1974 மார்ச்சில் ஓட்டில் சுமார் ஆறடி நீள விரிசல் தெரிந்தது. அந்த ரியாக்டரைக் கழற்றிவிட்டு நாலாவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிக பைப்பால் இணைத்தார்கள். ஜூன் 1 அன்று அந்த பைப் பிய்ந்து, ஆவி வெடித்து, 28 பேர் இறந்தார்கள். தற்காலிக பைப்பின் டிசைனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். முதல் விரிசல் வெளியே தெளித்த தண்ணீரால் வந்தது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நம் ஊர் ஆலைகளில் இதே கதை சின்ன அளவில் நடக்கும் இடம், நிற்கவைத்த கண்டென்சர். டியூபுக்குள் மேலிருந்து சூடான ஆவி, டியூப்களைச் சுற்றிய ஷெல் பக்கம் கூலிங் தண்ணீர். தண்ணீர் வெளியேறும் நாசில், டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடான மேல் டியூப் ஷீட்டுக்குச் சில அங்குலம் கீழே இருக்கும். அந்த இடைவெளியில் காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் அங்கே ஏறாது, தெறிக்க மட்டும் செய்யும். உள்ளே சூடான ஆவி, வெளியே தெறித்துத் தெறித்துக் காயும் உப்பு, டியூபை உருட்டி விரித்ததால் வந்த இழுவிசை, ஷீட்டுக்கும் டியூபுக்கும் நடுவே மயிரிழைச் சந்து. வேறென்ன வேண்டும்? விரிசல் எப்போதும் மேல் ஷீட்டை ஒட்டியே வரும், கீழே ஒன்றுமே இருக்காது. இதற்கு விலை உயர்ந்த டியூப் வாங்குவதற்கு முன்னால், மேல் டியூப் ஷீட்டிலேயே வெளிப்பக்கமாக வென்ட் துளை போட்டுக் காற்றை விடுங்கள். தண்ணீர் ஷீட் வரை முட்டி நிற்க வேண்டும். முடிந்தால் கண்டென்சரைப் படுக்கவைத்து, தண்ணீரை டியூப் பக்கம் மாற்றுங்கள்.

அடுத்தது இன்சுலேஷன். 60 முதல் 200 டிகிரி வரை ஓடுகிற எஸ்.எஸ். லைன்தான் கவலைப்பட வேண்டியது. அதைவிடச் சூடானால் தண்ணீர் உலோகத்தைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும், நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் மட்டும் ஆபத்து. அலுமினியத் தகடு உறைக்குள் தண்ணீர் நுழைவது வால்வு, தெர்மாமீட்டர் பாக்கெட், சப்போர்ட் கிளாம்ப், ஃபிட்டர் மிதித்து நசுங்கிய ஜாயிண்ட் வழியாக. உள்ளே ராக் வூல் அதை உறிஞ்சிப் பிடித்துவைத்து, தன்னிடம் இருக்கும் குளோரைடையும் சேர்த்துப் பைப்பின் மேல் காயவைக்கும். எஸ்.எஸ்.ஸுக்கென்று குளோரைடு குறைந்த ரகம் தனியாகக் கிடைக்கிறது, சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். அதற்கும் மேலே மலிவான ஒரு வழி உண்டு: இன்சுலேஷனுக்கு முன் பைப்பின் மேல் 46 கேஜ், அதாவது 0.06 மி.மீ. அலுமினிய ஃபாயிலை, தண்ணீர் வழிந்து ஓடும் திசையில் 50 மி.மீ. மேலொன்று கீழொன்றாகப் படியும்படி சுற்றுவது. தண்ணீரைத் தடுப்பதோடு, ஈரம் உள்ளே போனாலும் அலுமினியம் தான் அரிபட்டு எஸ்.எஸ்.ஸைக் காப்பாற்றும். இதைக் கட்ட ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) வேண்டாம், எஸ்.எஸ். கம்பியே போடுங்கள். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். தீ விபத்திலோ, பக்கத்தில் வெல்டிங் அடிக்கும்போதோ உருகிய துத்தநாகம் எஸ்.எஸ். மேல் பட்டால் நொடிகளில் கிழித்துவிடும்.

சாய மெஷினுக்குள்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 36,000 பி.பி.எம்.-இல் மெஷின் உடம்பு ஏன் பிழைக்கிறது? சாயம் பிடிக்கச் சோடா ஆஷ் போட்டதும் பி.எச். 10.5, 11 என்று ஏறுகிறது. காரத்தில் படலம் உறுதியாக நிற்கும். சில மணி நேரத்தில் பாத் வடிந்து கழுவல் வந்துவிடுகிறது. முக்கியமாக, சுவர் காய்வதே இல்லை.

காய்கிற இடங்களில் போய்ப் பாருங்கள். உப்பு கரைக்கும் ஆட் டேங்கில் தண்ணீர் மட்டக் கோட்டுக்கு மேலே, நேரடி ஸ்டீம் குழாய் நுழையும் வெல்டைச் சுற்றி. மூடிக் கண்ணாடியின் கேஸ்கெட்டுக்கு அடியில். லெவல் கேஜ் ஸ்டப்பில். எல்லாவற்றையும்விட, ஸ்டீமால் சூடாகும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில். பாத்தை வடித்த பிறகும் ஸ்டீம் வால்வு முழுக்க மூடாமல் கசிந்தால், டியூபின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் உப்புநீர் 120, 130 டிகிரி உலோகத்தின் மேல் வறுபடும். வரிசையை மாற்றினால் போதும்: முதலில் ஸ்டீமை மூடு, பாத்தைச் சுற்றவிட்டு ஆறவை, வடி, நல்ல தண்ணீர் விட்டு எக்ஸ்சேஞ்சர் வழியாகச் சுற்றி மறுபடி வடி. ஸ்டீம் வால்வு கசிகிறதா என்பதை மெஷின் காலியாக இருக்கும்போது ஸ்டீம் ஆறி நீராகி வெளியேறும் கண்டன்சேட் லைனில் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாறு நிமிட வேலை, ஆனால் ஷிப்ட் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

பருத்தி ஓட்டிய அதே மெஷினில் அடுத்து பாலியஸ்டர் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சாயம் 130 டிகிரி, அசிட்டிக் அமிலம் போட்டு பி.எச். 4.5, 5. காரத்தின் பாதுகாப்பு போய்விட்டது, வெப்பம் இரட்டிப்பு, முந்தின பாத்தின் உப்பு சந்துகளில் பாக்கி இருக்கிறது. நடுவில் இரண்டு முழுக் கழுவல் கொடுங்கள். கடைசிக் கழுவல் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தால் உப்பு பாக்கி இருக்கிறதா என்று உடனே தெரியும்: வெள்ளையாகத் திரிந்தால் இருக்கிறது.

கிளாபர் உப்புக்கு (சோடியம் சல்பேட்) மாறினால் பிரச்சினை பெரும்பாலும் தீரும், சல்பேட் இந்த விரிசலைத் தூண்டாது. ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீர் வெளியேறாத முறை வந்த பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் பிரைன் என்ற உப்புநீரையே மறுபடி சாயத்துக்கு எடுக்கிறோம். அதில் எவ்வளவு சல்பேட், எவ்வளவு குளோரைடு என்பது அங்கே உப்பு அனுப்பிய எல்லாரையும் பொறுத்தது. நான் கிளாபர்தான் போடுகிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது, லோடுக்கு லோடு குளோரைடு பார்க்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தின் எவாப்பரேட்டரில்தான் நிலைமை கடுமை. ஆர்.ஓ. கழித்துவிட்ட உப்புநீரைக் காய்ச்சிச் செறிவாக்குவதே அதன் வேலை. அடுத்தடுத்துக் காய்ச்சும் கட்டங்களை எஃபெக்ட் என்பார்கள்; கடைசி எஃபெக்ட்கள் வெற்றிடத்தில் ஓடுவதால் சூடு குறைவு. மிகவும் சூடான முதல் எஃபெக்டில், டியூபில் படியும் ஸ்கேலுக்கு அடியில், 316எல் தாங்காது. அந்த ஸ்கேலை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எஸ்.எஸ்.ஸை அழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கார்பனேட் ஸ்கேலுக்கு நைட்ரிக்கோ சிட்ரிக்கோ போதும்.

எந்த உலோகம்

'எல்' போட்ட கிரேடு வாங்கினால் வெல்டிங் பக்கம் விரிசல் வராது என்பது பரவலான தப்பெண்ணம். 304எல், 316எல் இரண்டிலும் கார்பன் குறைவு. அதனால் வெல்டிங் சூட்டில் குரோமியம் கார்பைடு உருவாவது தடைபடும்; உலோகத்தின் நுண்மணிகளின் (கிரெய்ன்) எல்லையோரம் வரும் அரிப்பு நிற்கும். குளோரைடு விரிசல் மணிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது, கார்பன் அளவு அதற்குப் பெரிய பொருட்டில்லை. 304-ஐ 316 ஆக மாற்றுவதால் மாலிப்டினம் காரணமாகப் பள்ளம் விழுவது தாமதமாகும், அதாவது காலம் கொஞ்சம் கிடைக்கும். அவ்வளவுதான்.

விரிசலைத் தீர்மானிப்பது நிக்கல். கொதிக்கும் மெக்னீசியம் குளோரைடில் வெவ்வேறு நிக்கல் அளவுள்ள கம்பிகளை இழுத்துவைத்து காப்ஸன் என்பவர் 1959-ல் வெளியிட்ட வளைகோடு இன்றும் செல்லும்: நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டி கம்பி தாங்கும் காலம் மிகக் குறைவு, 40-ஐத் தாண்டினால் நடைமுறையில் விரிசலே இல்லை. நாம் அதிகம் வாங்கும் 304-ல் நிக்கல் 8 முதல் 10.5 வரை. வளைகோட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது! அந்த வளைகோட்டின் இரண்டு பக்கமும் ஏறலாம். மேலே போனால் 904எல், அலாய் 825. விலை கண்ணைக் கட்டும். கீழே வந்தால் டூப்ளெக்ஸ் 2205: நிக்கல் 5 சதவீதம் அளவுதான், ஆனால் பாதி ஃபெரைட் என்ற வேறு வகைப் படிக அமைப்பு என்பதால் விரிசல் முன்னேற இடம் கொடுக்காது. நெகிழ்வு வலிமை 450 மெகாபாஸ்கல் இருப்பதால் தகட்டைக் குறைத்துப் போட்டு விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். என் ஓட்டு பெரும்பாலும் இதற்கே.

ஆனால் டூப்ளெக்ஸை 316 மாதிரி வெல்டிங் அடித்தால் கெட்டுப்போகும். 2209 ரக ஃபில்லர் கம்பி, உள்பக்கம் காற்றை விரட்ட ஆர்கான் வாயு விடும் பர்ஜிங், பாஸ்களுக்கு (வெல்டிங் அடுக்குகளுக்கு) இடையே 150 டிகிரிக்கு மேல் போகாமல் ஆறவிடுவது, முடிந்தபின் ஃபெரைட் மீட்டரில் 35 முதல் 65 சதவீதம் வருகிறதா என்று பார்ப்பது, எல்லாம் வேண்டும். சூடு மிஞ்சினால் சிக்மா கட்டம் என்ற நொறுங்கும் படிகம் வந்து கண்ணாடி மாதிரி உடையும். தொடர்ந்து 250 டிகிரிக்கு மேல் ஓடும் இடத்துக்கும் ஆகாது. எவாப்பரேட்டர் முதல் எஃபெக்டுக்கு டைட்டானியம் டியூப் நல்ல தேர்வு, விரிசல் பயமில்லை. ஆனால் சாதா கிரேடு 2, 80 டிகிரிக்கு மேல் கேஸ்கெட் சந்தில் அரிக்கக்கூடும். அந்த இடங்களுக்கு மட்டும் பல்லேடியம் கலந்த கிரேடு 7.

வாங்கும்போது இன்னொன்று. நிக்கல் ஒரு சதவீதம் மட்டும் வைத்து மாங்கனீஸால் ஈடுகட்டிய 200 வரிசை எஸ்.எஸ்., 304 என்ற பெயரில் சந்தையில் சுற்றுகிறது. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதனால் காந்தச் சோதனை வீண். எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருக்கும் லேப் சில விநாடிகளில் சொல்லிவிடும். 316-தானா என்று மட்டும் தெரியவேண்டுமானால் பேட்டரியோடு வரும் மாலிப்டினம் சொட்டுச் சோதனையே போதும்.

விரிசல் வந்துவிட்டால்

சந்தேகம் வந்த இடத்தை முதலில் கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள். உலோகம் இழுபட்டு விரிசல் வாயை மூடிவிடும், பிறகு விரிசலுக்குள் ஊறிக் காட்டும் டை பெனட்ரன்ட் சாயம் ஒன்றும் காட்டாது. வெந்நீரில் கழுவி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, உலரவைத்து, குளோரின் குறைந்த பெனட்ரன்டை அடித்து, மெல்லிய விரிசல் என்பதால் 20 நிமிடமாவது ஊறவிடுங்கள். உலோகத்தின் சூடு 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறகு அடிக்கும் வெள்ளைப் பூச்சான டெவலப்பர் மேல் ஒற்றைக் கோடாக வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் விசையால் உலோகம் களைத்து வரும் அலுப்பு விரிசலாக இருக்கலாம், அதிர்வைத் தேடுங்கள். கிளை கிளையாகப் பிரிந்து வலை போல வந்தால் குளோரைடுதான்.

அந்த வலையின் மேல் வெல்டிங் போட்டு அடைப்பது வீண் செலவு. கண்ணுக்குத் தெரியும் நீளத்தைவிட உலோகத்துக்குள் கிளைகள் தூரம் போயிருக்கும், உள்ளே உப்பும் இருக்கும். வெல்டிங் சூட்டில் அவை முன்னால் ஓடும். அடைத்த இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த வாரம் ஒழுகும். பழைய இழுவிசையோடு புது வெல்டின் இழுவிசையும் சேர்ந்துகொள்ளும். அந்தத் துண்டையே வெட்டி எடுங்கள். வெட்டிய முனைகளில் மறுபடி பெனட்ரன்ட் போட்டு, இரண்டு பக்கமும் சுத்தமாக வரும் வரை பின்வாங்குங்கள். இழுவிசையை நீக்க 600 டிகிரியில் சூடாக்கலாம் என்று சாதா இரும்பு அனுபவத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த எஸ்.எஸ்.ஸுக்கு 900 டிகிரியாவது வேண்டும், 600-ல் வைத்தால் குரோமியம் கார்பைடுதான் சேரும். 900-ல் தொட்டி கோணிவிடும் என்பதால் பெரும்பாலும் செய்யவும் முடியாது.

மாற்றிய பிறகு, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட். தண்ணீரில் குளோரைடு 50 பி.பி.எம்.-க்குள் இருக்கட்டும், பட்டறையில் ஆர்.ஓ. தண்ணீர் இருக்கும்போது போர் தண்ணீரை விடக் காரணமே இல்லை. டெஸ்ட் முடிந்த அன்றே வடித்து, தாழ்வான பாக்கெட்டுகளையும் பெண்டுகளையும் திறந்து, காற்றடித்து உலர்த்திவிட்டு, அதன் பிறகே ஸ்டீமைத் திறக்கலாம். வடிக்காமல் நேராகச் சூடேற்றினால் அந்த ஒரு பாக்கெட் தண்ணீரே புது பைப்பின் முதல் உப்புப் படிவமாகிவிடும்.